யந்திரம் போகட்டும், தொட்டி இருக்கட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980-களிலும் 1990-களிலும் கட்டப்பட்ட நடுத்தர வர்க்கத்து வீடுகள் பலவற்றில், பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் மூலையிலோ ஜன்னலின் கீழோ, டைல் பதித்த மேடைக்கு நடுவே, ஆறு முதல் எட்டுத் துவாரங்கள் கொண்ட ஓர் அகன்ற தொட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம். பொத்தானை அழுத்தினால், மேடைக்கு அடியில் மறைந்திருக்கும் பம்பு இரைந்துகொண்டு, காற்றும் நீரும் கலந்த தாரைகளை அத்துவாரங்கள் வழியே வேகமாகப் பாய்ச்சும். ஜெட் தொட்டி என்றும் வேர்ல்பூல் என்றும் அழைக்கப்படுகிற இந்தச் சாதனம், வீடு புதிதாக இருந்த நாளில் வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டி மகிழும் செல்வச் சின்னமாக இருந்தது. இன்றோ எத்தனையோ வீடுகளில் அழுக்குத் துணிக்கூடை வைக்கும் இடமாகக் கிடக்கிறது.

இதை என்ன செய்யலாம் என்று வீட்டுக்காரர் யோசனை கேட்டால், அவருக்கு மூன்று விதமான விடைகள் கிடைக்கின்றன. வீடு விற்றுக் கொடுக்கும் தரகர், "அது வீட்டுக்கு மதிப்பு, கை வைக்காதீர்கள்" என்கிறார். அண்டை அயலார், "பம்பை ஓட்டாமல் விட்டுவிட்டுச் சாதாரணத் தொட்டியாக எண்ணிக் குளித்துவிட்டுப் போங்கள்; என்ன கெட்டுப்போகும்?" என்கிறார்கள். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவரோ, "பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதே முறை, துவாரத்தை அடைப்பதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை, நிலைக்காது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அனுபவசாலிகள் என்று பெயர் எடுத்தவர்களே திரும்பத் திரும்பச் சொல்வதால், இந்த மூன்று விடைகளையும் தவிர வேறு வழியே இல்லை என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இம்மூன்று விடைகளும் ஓர் ஆதாரமான எண்ணத்தில் ஒற்றுமைப்பட்டவை. தொட்டியும் அதைச் சுற்றியுள்ள யந்திரமும் பிரிக்க முடியாத ஒரே வஸ்து, வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும், போக்கினால் இரண்டையும் போக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம். இது தவறு என்பது என் கட்சி. விரிசலற்ற நல்ல தொட்டியாக இருக்குமானால், பம்பையும் குழாய்களையும் முற்றிலும் கழற்றி எடுத்துவிட்டு, துவாரங்களை முறையாக மூடி, அதை வெந்நீரில் அமிழ்ந்து கிடப்பதற்கான எளிய தொட்டியாக ஆக்கிக்கொள்வதே சிக்கனமும் சுகாதாரமும் நியாயமும் ஒருங்கே அமைந்த வழி என்பதைக் காரண காரியத்தோடு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தொட்டியும் யந்திரமும் ஒன்றே என்ற மயக்கம் எப்படி உண்டாயிற்று என்பதை அறிய, இதன் பூர்வ சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இத்தாலியின் வடகிழக்கிலுள்ள பிரியுலி பிரதேசத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்கூஸி குடும்பத்துச் சகோதரர் எழுவர், பெர்க்லி நகரில் விமானங்களுக்கு மரச் சுழலிகள் செய்து பெயர் பெற்று, பிறகு விமானத்தையே கட்டிப் பறக்கவிட்டவர்கள். 1921-ஆம் ஆண்டில் அவர்களுடைய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கி, சகோதரர் ஒருவரும் உடன் சென்றவர்களும் மாண்டுபோன பின்னர், அக்குடும்பம் ஆகாயத்தை விட்டு நிலத்தடி நீரை நோக்கித் தன் சாமர்த்தியத்தைத் திருப்பியது. கிணற்று நீரை மேலே ஏற்றும் பம்புகளைச் செய்து விவசாயிகளுக்கு விற்றுச் செழித்தது.

அச்சகோதரருள் ஒருவரான கான்டிடோவுக்கு 1941-இல் பிறந்த மகன் கென்னத், பச்சிளம் பிராயத்திலேயே மூட்டுவாத நோய்க்கு ஆளானான். ஆஸ்பத்திரியில் சுழலும் வெந்நீரில் அவனை வைத்துச் செய்த சிகிச்சை வேதனையைத் தணித்ததைக் கண்ட தந்தை, அந்தச் சுகம் மகனுக்கு வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்ற தாபத்தினால், தம் குடும்பத் தொழிலான பம்பையே குளியல் தொட்டியில் இறக்கி வைக்கத்தக்கதாக மாற்றி அமைத்தார். அதுவே 1956-இல் ஜே-300 என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. நோயுற்ற குழந்தையின் மேல் வைத்த அன்பினால் பிறந்த இந்தக் கண்டுபிடிப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை; மனித புத்தி செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே அதை மதிக்கிறேன்.

ஆனால் அந்த ஜே-300 எப்படிப்பட்ட சாதனம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒரு தனிப் பம்பு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துவாரமற்ற எளிய தொட்டிக்குள் அதை இறக்கி வைத்து, வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிடலாம். கழுவலாம், துடைக்கலாம், உலர வைக்கலாம், பழுதானால் பழுது பார்க்கக் கொண்டுபோகலாம். தொட்டி தொட்டியாகவே இருந்தது. 1968-இல் அதே குடும்பத்தின் பின்வந்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூஸி என்பவர், தொட்டியின் சுவரிலேயே துளையிட்டு ஜெட்டுகளைப் பொருத்தி, பம்பையும் குழாய்களையும் கண்ணுக்கு மறைவாக அடக்கிய ஒரே கட்டான தொட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்றுதான் சிகிச்சைக் கருவி வீட்டு அலங்காரமாயிற்று. வெளியே எடுத்துக் கழுவக்கூடியதாக இருந்த பம்பு, எவரும் எட்டிப் பார்க்க முடியாத இருட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. ஆகவே துவாரங்களை மூடி எளிய தொட்டி செய்வோர், மூலக் கண்டுபிடிப்பாளர் வகுத்த ஏற்பாட்டுக்கே திரும்புகிறவர்கள் ஆவர்.

"ஜெட் இல்லையேல் குளியலின் சுகமே போயிற்றே" என்பார்க்கு ஒரு வார்த்தை. மூட்டு நோயும் தசை நோயும் உள்ள சிலருக்கு மருத்துவர் சொல்லியே இத்தாரைகள் வேண்டியிருக்கலாம்; அவர்கள் விஷயம் வேறு. மற்றவர்க்கு, வெந்நீரில் அமிழ்ந்து கிடப்பதனால் உண்டாகும் நன்மைகளில் மிகப் பெரும்பகுதி நீரின் உஷ்ணத்தினாலும், தேகத்தின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் அதன் மிதப்பு விசையினாலும் வருவதேயன்றிப் பம்பினால் வருவதன்று. குளியலைக் கலையாகவே வளர்த்த ஜப்பானியர், 40 முதல் 42 டிகிரி வரை சூடான நீர் நிறைந்த ஆழமான எளிய தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து சும்மா இருப்பதையே தலைமுறை தலைமுறையாக அனுஷ்டித்து வருகிறார்கள். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், உறங்கப் போவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன் ஏறத்தாழ 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் குளிப்பவர்க்கு உறக்கம் சராசரியாகப் பத்து நிமிஷம் முன்னதாகவே வருகிறது என்று கண்டனர். அங்கே வேலை செய்தது நீரின் சூடு.

இனி, "ஓட்டாமல் விட்டுவிட்டால் போதும்" என்ற இரண்டாவது விடையை எடுத்துக்கொள்வோம். மூன்று விடைகளிலும் மிகச் சாதுவாகத் தோன்றுவதும், மிகுந்த கெடுதல் செய்வதும் இதுவே. தொட்டியில் நீர் ஏறும்போது, ஜெட்டின் வாய் நீர் மட்டத்துக்குக் கீழே போன மாத்திரத்தில், பம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் குளிக்கிற நீர் அத்துவாரங்களின் வழியே குழாய்களுக்குள் புகுந்துவிடுகிறது. சோப்பு, வியர்வை, தோலின் செதில், எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய எல்லாம் அதனோடு செல்கின்றன. குளித்து முடித்துத் தக்கையை எடுத்ததும் தொட்டி நீர் வடிந்துவிடும். குழாயிலுள்ளது முழுவதும் வடிவதில்லை. அமெரிக்கப் பிளம்பிங் விதிகளே, பம்பின் வயிற்றில் தங்கும் நீர் குறைந்தபட்ச அளவாக இருக்கும்படி சரிவு கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. கொஞ்சமாவது தங்கும் என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மேடைக்கு அடியிலுள்ள பைப் எங்கே தொய்ந்து பள்ளமாயிற்றோ அங்கெல்லாம் இன்னும் கொஞ்சம் தேங்கும். பம்பை ஓட்டுகிற வீட்டிலாவது சோதனையாக ஒருநாள் அழுக்கு வெளியே வந்து எச்சரிக்கை செய்யும். ஓட்டாத வீட்டில், ஒவ்வொரு குளியலிலும் நனைந்து, ஒருபோதும் அலசப்படாமல், அக்குழாய்கள் அப்படியே கிடக்கின்றன.

சந்தேகமுள்ளவர்கள் ஜெட்டின் முகப்பு வளையத்தைக் கையால் திருகிக் கழற்றி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்க்கலாம். பளபளக்கும் வெள்ளைச் சுவருக்கு ஓர் அங்குலம் பின்னால், சாம்பலும் கறுப்புமான ஒரு வழுவழுப்பு விரலில் ஒட்டும். காய்ந்த இடத்தில் அது கருகிய வெங்காயத் தோல்போலச் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். நுண்ணுயிர்கள் தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கிற படலம் அது. அந்தப் பசை அவற்றுக்குக் கவசம். குழாய் நீரில் உள்ள சொற்பக் குளோரின் அதன் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியல் அறிஞர் ரீட்டா மோயஸ், வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்த 43 ஜெட் தொட்டிகளின் நீரைப் பரிசோதித்தபோது, நாற்பத்து மூன்றிலுமே நுண்ணுயிர்கள் பெருகியிருக்கக் கண்டார்; அவற்றில் 34 சதவீதத்தில் தோல் நோயை உண்டாக்கவல்ல ஸ்டாபிலோகாக்கஸ் இருந்தது. நுண்ணுயிர் இருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆரோக்கியமான தேகம் எவ்வளவோ கிருமிகளைச் சமாளித்துக்கொண்டுதான் வாழ்கிறது. ஆயினும் வெதுவெதுப்பான நீரை நுண்திவலைகளாக்கி, குளிப்பவர் மூக்குக்கு எதிரே எழுப்புகிற சாதனத்தில் அலட்சியம் கூடாது. 1999-ஆம் வருஷம் ஹாலந்து தேசத்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து கிளம்பிய திவலைகளைச் சுவாசித்தவர்களில் குறைந்தது 32 பேர் லெஜியோனெல்லா என்ற கிருமியால் நுரையீரல் நோய் கண்டு இறந்தனர். அவர்களில் யாரும் அத்தொட்டியில் இறங்கியவர்கள் அல்லர், அருகே நடந்து போனவர்கள். அங்கே நீர் வடிக்கப்படாமல் சூடாகவே நின்றது. வீட்டுத் தொட்டியில் ஒவ்வொரு முறையும் வடிக்கிறோம். ஆதலால் இரண்டையும் சமமாக வைத்துப் பயமுறுத்துவது நேர்மையாகாது. ஆனால் தேங்கிய வெதுவெதுப்பான நீர், குழாய்ப் படலம், காற்றோடு கலந்த தாரை ஆகிய மூன்றும் சேருமிடத்தில் விபரீதத்துக்கு வழி திறந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

"சுத்தம் செய்தால் போயிற்று" என்பார் உளர். செய்முறையைப் பார்ப்போம். மேல் வரிசை ஜெட்டுக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் வரும்வரை வெந்நீர் நிரப்பி, நுரை எழாத பாத்திரம் துலக்கும் தூளும் பிளீச்சும் கலந்து, பத்து இருபது நிமிஷம் பம்பை ஓட்டி, வடித்து, மறுபடியும் அதே அளவு குளிர்ந்த நீர் நிரப்பி ஓட்டி வடிக்க வேண்டும்; இதை மாதம் ஒரு முறையோ இரு முறையோ செய்ய வேண்டும் என்று உற்பத்தியாளர்களின் கைப்புத்தகங்கள் சொல்கின்றன. எண்பது காலன் பிடிக்கும் தொட்டியானால், ஒரு சுத்திகரிப்புக்கு ஏறக்குறைய 600 லிட்டர் நீர் சாக்கடைக்குப் போகிறது. இவ்வளவும் மனிதர் குளிப்பதற்காக அன்று, குழாயைக் குளிப்பாட்டுவதற்காக. எளிய தொட்டிக்கு வேண்டுவது ஒரு ஸ்பாஞ்சும் ஐந்து நிமிஷமும்.

இன்னொரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஜெட் தொட்டியில் குளியல் எண்ணெயையும் நுரைத் திரவங்களையும் உபயோகிக்கலாகாது என்று அதே கைப்புத்தகங்கள் தடை விதிக்கின்றன. எண்ணெய் குழாயில் படிந்து படலத்துக்கு உரமாகும். நியூ ஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் பழைய வீடுகளை வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். சனிக்கிழமையன்றும் தீபாவளியன்றும் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு முழுகுவதற்கு, வீட்டிலேயே பெரிய தொட்டியாகிய அது லாயக்கற்றது. துவாரங்களை மூடிவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. எண்ணெய் வழுக்கலை உடனே துடைத்துவிட வேண்டும் என்ற சாதாரண ஜாக்கிரதை ஒன்றே மிச்சம்.

வெந்நீர்ச் செலவிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க வீடுகளில் சாதாரணமாக இருப்பது 40 அல்லது 50 காலன் கொள்ளும் வெந்நீர்க் கொதிகலம். அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் நல்ல சூட்டோடு கிடைப்பதில்லை. ஜெட் தொட்டியிலோ, ஒருவர் இருவர் குளிப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்பது கணக்கே அல்ல. ஜெட்டுகள் முழுவதும் மூழ்கினாலன்றிப் பம்பை ஓட்டக் கூடாது, ஓட்டினால் நீர் கூரை வரை பீச்சியடிக்கும். எனவே யந்திரத்துக்கு வேண்டிய மட்டம் வரை நிரப்பியாக வேண்டும். நிரம்புவதற்குள் கொதிகலம் தீர்ந்து, கடைசி வாளிகள் பச்சைத் தண்ணீராக விழும். அதற்குமேல், அறைக் காற்றை இழுத்து நீரில் கலக்கும் தாரைகள் நீரை விரைவில் ஆறவைத்துவிடும். எளிய தொட்டியாக்கினால், தொட்டியின் உருவம் மாறாவிட்டாலும், குழந்தைக்கு ஒரு சாணும் பெரியவருக்கு மார்பளவும் என்று அவரவர் தேவைக்கு நிரப்பிக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது.

தரகரின் வாதத்துக்கு வருகிறேன். ஜெட் தொட்டி வீட்டின் விலையை உயர்த்தும் என்ற எண்ணம், அது புதுமையாக இருந்த காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். முப்பது வருஷத்துப் பழைய பம்பு அந்தப் புதுமையைச் சார்ந்ததன்று. வீட்டை வாங்க வருகிறவர் சார்பில் பரிசோதனைக்கு வரும் நிபுணர், தொட்டியை நிரப்பிப் பம்பை ஓட்டிப் பார்ப்பார். பம்பு ஓடாவிட்டால் அது குறை. ஓடிக் கறுப்புச் செதில்களைக் கக்கினால் அது பெரிய குறை. அடியில் கசிந்தால் அது பேரத்தையே கலைக்கிற குறை. பம்பு எடுக்கப்பட்டு, துவாரம் மூடப்பட்டு, மின் இணைப்பு முறையாக முடிக்கப்பட்ட எளிய தொட்டியில் அவர் எழுதிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. செத்த யந்திரத்தை அலங்காரமாக வைத்திருப்பதனால் மதிப்பு ஏறும் என்று நம்புவது, தரகரின் பழக்கமேயன்றிச் சந்தையின் நியாயம் அன்று.

ஆனால் இந்த விவாதத்தின் உயிர்நிலை கட்டட வேலைக்காரரின் ஆட்சேபத்தில்தான் இருக்கிறது. துவாரத்தை அடைப்பது நிலைக்காது, என்றைக்கிருந்தாலும் ஒழுகும், ஒழுகிக் கீழ்த்தளத்துக் கூரையைக் கெடுக்கும் என்கிறார் அவர். பயமுறுத்தும் இந்த வாக்கியத்தை அளவுகோல் கொண்டு சோதிப்போம். தொட்டியில் நாற்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறதென்றால், அடிமட்டத்தில் அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாற்பது கிராம். ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஜெட் துவாரம் அந்த ஆழத்திலேயே இருந்தாலும், அதன் மேல் விழும் மொத்த விசை ஒன்றரைக் கிலோகிராம். முறையாக ஒட்டிய பைபர்கிளாஸ் மூடியைப் பிய்த்தெறிய அது போதுமா? இதே தொட்டி யந்திரத்தோடு இருந்தபோது, ஒவ்வொரு ஜெட்டுக்கும் தொட்டிச் சுவரோடு ஒன்று, நீர்க் குழாயோடு ஒன்று, காற்றுக் குழாயோடு ஒன்று என மூன்று மூட்டுகள். ஆறு ஜெட்டுக்குப் பதினெட்டு. பம்பின் மூட்டுகள் வேறு. அத்தனையும் பம்பின் அதிர்ச்சியையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு, வயதேறிய ரப்பர் வளையங்களை நம்பி நிற்பவை. இவற்றை ஒழுகாதவை என்று நம்பிய ஒருவர், அசையாத நீரைத் தாங்கும் திடமான மூடியை ஒழுகும் என்று அஞ்சுவது எந்தத் தர்க்கத்தைச் சேர்ந்தது?

ஒட்டுப்போடுகிற வேலை என்ற இகழ்ச்சிக்கு இடம் கொடுத்தவர்கள் அரைகுறையாகச் செய்கிறவர்களே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெட்டின் முகப்பில் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்துச் சிலிக்கோன் பூசிவிட்டு, பின்னால் குழாய்களை அப்படியே விட்டுவிடுவது மகா தவறு. சிலிக்கோன் ஓரிடத்தில் விட்டாலும் நீர் உள்ளே கசிந்து, வெளியேற வழியின்றி நாறும். முறையான வேலை வேறு. முதலில் பிரேக்கரை அணைத்து, பம்புக்கென்றே வந்திருக்கும் தனி மின்சுற்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மூடிய பெட்டியில் முடித்துவிட வேண்டும். பிறகு பக்கப் பலகையைத் திறந்து பம்பை எடுத்து, குழாய்களை அறுத்து, ஜெட்டின் உடல்களையே பின்புறமாகக் கழற்றிவிட வேண்டும். அப்போது துவாரங்களை எண்ணிக்கொள்வது நலம்: ஜெட்டுகளோடு, பம்பு நீரை உறிஞ்சும் வாய் ஒன்று, காற்றை அளந்துவிடும் குமிழ் ஒன்றோ இரண்டோ, பொத்தான் ஒன்று. அவசரக்காரர்கள் மறப்பது இவற்றைத்தான். மூடக்கூடாதவை இரண்டு: அடியிலுள்ள வடிவாயும், மேலே மிகுநீர் வழியும்.

அக்ரிலிக் தொட்டி என்பது மெல்லிய அக்ரிலிக் தோலும் அதன் முதுகில் பைபர்கிளாஸும் கொண்டது. துவாரத்தின் பின்புற விளிம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் பிசுக்கெடுத்து, ஒரு தாங்குதகட்டை வைத்து, எபாக்ஸி ரெசினில் நனைத்த பைபர்கிளாஸ் துணியைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கடுக்காகப் படிய வைக்க வேண்டும். பின்னால் கை போகாத இடத்தில், நீள்வட்டமாக வெட்டிய தகட்டை முன்புறத் துவாரம் வழியாகவே சாய்த்து நுழைத்து, நடுவே மாட்டிய கம்பியால் முன்னுக்கு இழுத்து, ரெசின் இறுகும்வரை கட்டி நிறுத்துகிறார்கள் கைதேர்ந்தவர்கள். இறுகிய பின் முன்புறப் பள்ளத்தை நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, தொட்டி முழுவதற்கும் ஒரே நிறப் பூச்சுக் கொடுத்தால், துவாரம் இருந்த இடத்தை விரலால் தடவினாலும் காண முடியாது. கடைசியாக, மிகுநீர் வழி வரை நீர் நிரப்பி ஓர் இரவு வைத்து, டார்ச் விளக்கடித்து அடிப்புறம் உலர்ந்திருப்பதைக் கண்ட பிறகே பக்கப் பலகையை மூட வேண்டும்.

இந்த வேலையிலும் ஆபத்தில்லாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை. பழைய பூச்சை உரிக்க மெதிலீன் குளோரைடு என்ற திரவத்தை மூடிய குளியலறையில் உபயோகித்ததனால், 2000 முதல் 2011 வரையில் அமெரிக்காவில் தொட்டிப் பூச்சு வேலைக்காரர்கள் 13 பேர் மாண்டனர் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2012-இல் பதிவு செய்திருக்கிறது. அத்திரவத்தைத் தொடாமலே தேய்ப்புத்தாளினால் காரியத்தை முடிக்கலாம். பூச்சின் ஆவியும் நல்லதன்று. ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்து, தக்க முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டும். இயலாதவர் பழகிய கைகளிடம் விட்டுவிட வேண்டும். பூச்சு இறுகிய பின்னும், கரகரப்பான தூள் போட்டுத் தேய்ப்பதையும், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் விரிப்புப் போடுவதையும் தவிர்த்தால்தான் அது நீடித்து உழைக்கும்.

இனி, பெயர்த்து எறிவதில் அடங்கியுள்ளவற்றையும் எண்ணிப் பார்ப்போம். வீடு கட்டும்போது, உட்சுவர்கள் எழும்பி முடிவதற்கு முன்பே உள்ளே வைக்கப்பட்ட அந்த அகன்ற தொட்டி, முடிந்த வீட்டின் கதவு வழியே பெரும்பாலும் வெளியே வராது. வாள் யந்திரத்தால் அதைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். சுற்றியுள்ள டைல் மேடையை உடைக்க வேண்டும். அதே அளவுத் தொட்டி கிடைக்காவிட்டால் மேடையையே புதிதாகக் கட்ட வேண்டும். பழைய டைலின் நிறம் இப்போது கிடைக்காது என்பதால் தரையும் சுவரும்கூட மாறும். செலவு சில ஆயிரம் டாலர்களில் தொடங்கி மேலே போகும். மூடும் வேலைக்கு அதில் சிறு பங்கே ஆகும். அறுத்தெடுத்த துண்டுகளுக்கும் மறுவாழ்வு இல்லை. ஒருமுறை இறுகிய பைபர்கிளாஸ் ரெசினை உருக்கி வார்க்க முடியாது. அது குப்பை மேட்டுக்குப் போய் அங்கேயே கிடக்கும். பழுதானது பம்பும் குழாயும். தண்டனை அடைவது பழுதில்லாத தொட்டி.

எல்லாத் தொட்டிகளுக்கும் இது பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. அடித்தட்டில் விரிசல் கண்டு, மிதித்தால் அமுங்கும் தொட்டியைக் காப்பாற்றுவதில் பிரயோஜனமில்லை. எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டிக்குப் பைபர்கிளாஸ் முறை ஏற்றதன்று. இரு புறமும் ரப்பர் வளையம் வைத்து இறுக்கும் மூடிகளைத் தேட வேண்டும். வீட்டில் முதியவர் இருந்து, உயரமான மேடையைக் காலைத் தூக்கித் தாண்ட முடியாத நிலை வந்துவிட்டால், தொட்டியை அகற்றிவிட்டுத் தரை மட்டத்தில் ஷவர் அமைப்பதே தர்மம். மருத்துவர் சொல்லி நாள்தோறும் தாரைகளை உபயோகிக்கிறவர், கைப்புத்தகம் சொல்கிறபடி சுத்தம் செய்துகொண்டு வைத்திருக்கட்டும். இந்த விலக்குகளுக்கு வெளியே நிற்கும் அநேக வீடுகளைப் பற்றியே நான் பேசுகிறேன்.

அத்தகைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. தரகரின் வாக்கையும் வேலைக்காரரின் மதிப்பீட்டையும் வேதவாக்காகக் கொள்ளாமல், முதலில் ஒரு ஜெட்டின் முகப்பைக் கழற்றிப் பாருங்கள். தொட்டியின் அடித்தட்டை அழுத்திச் சோதியுங்கள். பக்கப் பலகையைத் திறந்து, உள்ளே கை போகுமா என்று அறியுங்கள். தொட்டி உறுதியாக இருக்குமானால், பம்பையும் குழாய்களையும் ஒன்று விடாமல் எடுத்து, எல்லாத் துவாரங்களையும் பின்புறத்திலிருந்து மூடி, நிரப்பிச் சோதித்துக் காட்டுகிறவரிடம் மட்டும் வேலையை ஒப்படையுங்கள். முகப்பில் மூடி போட்டுவிட்டுப் போகிறவரையும், உடைப்பதொன்றே வழி என்கிறவரையும் ஒருங்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.